நீல நிறத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

போன மாதம் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு லேபில், வெறும் வயிற்றோடு லிப்பிட் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நம் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பாஸ்பரஸ் அளக்கச் செய்த ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை ஞாபகம் வந்தது. அந்தச் சுப்பாராவ் யார் என்று அன்றைக்கு நாங்கள் யாருமே கேட்கவில்லை. இன்றைய மாணவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடை அணிந்தார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் வெளியே வந்தார். மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா போனவர் திரும்பி வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார்.

1925ல் ஃபிஸ்கேயுடன் அந்த முறையை வெளியிட்டார். மாலிப்டேட் சேர்த்தால் கடைசியில் நீல நிறம் வரும். நிறம் அடர்த்தியானால் பாஸ்பரஸ் அதிகம், அவ்வளவுதான். ரத்தக் கொழுப்பில் பாஸ்போலிப்பிடு என்றொரு வகை உண்டு. கொழுப்பைப் பிரித்து, அமிலத்தில் சிதைத்து, கிடைக்கும் பாஸ்பரஸை 25ஆல் பெருக்கினால் அதன் அளவு தெரியும். பல பத்தாண்டுகள் ஆய்வகங்கள் இப்படித்தான் கணக்குப் போட்டன.

அதே பாஸ்பரஸைத் துரத்தித்தான் தசையில் பாஸ்போகிரியாட்டினையும் (1927), ஏ.டி.பி.யையும் (1929) இருவரும் கண்டார்கள். ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் லெடர்லே நிறுவனத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் மாத்திரையும் அவர் தலைமையில் நடந்த வேலை.

1948 ஆகஸ்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 53தான். அதே ஆண்டுதான் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான ஃபிரேமிங்காமில் இதய நோய் ஆய்வு தொடங்கியது. கொலஸ்ட்ரால் ஓர் எச்சரிக்கை என்று உலகத்துக்கு உறுதியானது அதற்குப் பிறகுதான். இன்றைக்கு நிறைமாலைமானியில் ஒரு சொட்டு ரத்தத்திலேயே நூற்றுக்கணக்கான கொழுப்புகளைத் தனித்தனியாக எண்ணுகிறார்கள். செரமைடு, சில பாஸ்போலிப்பிடுகள் இவற்றின் விகிதத்தை வைத்து, கொலஸ்ட்ரால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று சொல்லப் பார்க்கிறார்கள்.

எனக்கு எல்.டி.எல். கூடுதல் என்று ரிசல்ட் வந்தது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் அறுபதைத் தாண்டாமலே மாரடைப்பில் போய்விட்டார்கள். சுப்பாராவுக்கு முன்கூட்டிச் சொல்ல அந்தக் காலத்தில் வழியில்லை. நமக்கு இருக்கிறது. நண்பர்களே, அடுத்த சந்திப்புக்கு வருவதற்கு முன் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தம்பிகளே, தங்கைகளே, மார்க் குறைந்தால் மனசு விடாதீர்கள். இவர் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.