காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

வெனிசு நகர வணிகர் குடியில் 1254ஆம் ஆண்டு பிறந்தவர் மார்க்கோ போலோ. தம் 17ஆம் அகவையில் தந்தையோடும் தந்தையின் உடன்பிறந்தாரோடும் கீழைநாடுகளை நோக்கிப் புறப்பட்ட அவர், 1275ஆம் ஆண்டளவில் மங்கோலியப் பேரரசர் குப்ளாய்கானின் அவையை அடைந்தார். அங்கு 17 ஆண்டுகள் பணியாற்றினார்.

மங்கோலியரின் வாழ்வு குதிரையோடு பிணைந்தது. பேரரசரிடம் வெண்ணிறக் குதிரைகள் மட்டுமே 10,000க்கு மேல் இருந்தன என்கிறார் போலோ. மங்கோலியர் தாய்க்குதிரையைக் கறக்கும்போது குட்டியை அருகிலேயே கயிற்றில் கட்டிவைப்பது வழக்கம். அதனால் மனிதரின் கையும் குரலும் இளமையிலேயே குட்டிக்குப் பழகிவிடும். இத்தகைய சூழலில் வாழ்ந்தவர், 1292ஆம் ஆண்டையொட்டிக் கடல்வழியே தாயகம் திரும்புகையில் பாண்டிநாட்டைக் கண்டார்.

பாண்டிநாட்டில் முத்துக்குளித்தலையும் செல்வ வளத்தையும் வியந்த அவரைக் குதிரைகளின் நிலை வருந்தச் செய்தது. பொருநையாற்று முகத்துவாரத்தை அடுத்த காயல் துறைமுகத்திற்கு ஆர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் கலமேறி வந்தன. கடல்வழிக் குதிரை வணிகம் தமிழகத்திற்குப் புதிதன்று. பட்டினப்பாலையே அதனைக் குறிப்பிடுகிறது. ஆயினும் போலோ தரும் கணக்கு திகைப்பூட்டுவது. மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொடுத்து வாங்கினார்; ஆண்டு முடிவில் 100 குதிரைகள்கூட எஞ்சவில்லை. இலாடம் கட்டுவோரோ குதிரை மருத்துவம் அறிந்தோரோ இங்கு இல்லை. அத்தகையோர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் எழுதுகிறார். குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! உணவோ, இறைச்சி கலந்து சமைத்த சோறு. அக்காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃபும், குதிரைகளை 40 நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்தபின், பயிற்சியே தராமல் வீரர்கள் ஏறி விரட்டினர் என்கிறார்.

சிறந்த ஆண்குதிரைக்கும் பெண்குதிரைக்கும் பிறந்த குட்டிகூட இங்குக் கால் கோணி, ஏறுதற்கு உதவாததாயிற்று என்றும் போலோ குறித்துள்ளார். தட்பவெப்பமே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். இக்கருத்தை முழுதும் ஏற்பதற்கில்லை. குட்டியின் கால்கோணல் சிறிதாயின், முதல் சில திங்களுக்குள் குளம்பை முறையாகச் சீவி நேராக்க இயலும். அதற்குக் குட்டி தன் காலைத் தூக்கவிட வேண்டும். பிறந்தது முதல் தொட்டுப் பழக்கிய குட்டியே அஞ்சாமல் காலைக் கொடுக்கும். குளம்பு சீவுவோர் இல்லாமையையும் கோணற்காலையும் ஒரே நூலில் எழுதிய போலோ, அவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை.

1295இல் வெனிசு திரும்பிய அவர், பின்னர் செனோவா நகரத்தாரிடம் சிறைப்பட்டார். 1298இல் அச்சிறையில் அவர் சொல்லச் சொல்ல, உடனிருந்த ருசுதிச்செல்லோ எழுதியதே அவருடைய பயணநூல். போலோ 1324இல் மறைந்தார். அதன்பின் இருநூறு ஆண்டுகள் கழிந்தும், விசயநகர மன்னர்கள் போர்த்துகீசியரிடம் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்கிக்கொண்டிருந்தனர்.