பழமைக்குப் புதுக்கலம் வகுத்த நாவலர்

நெடுங்காலம் ஒரே வழியில் நடந்துவரும் நிறுவனத்தினுள்ளே புதுமையைப் புகுத்துதல் எளிதன்று. பழமையைப் போற்றுவோர் அஞ்சுவர். புதுமையை விழைவோரோ பழமையின் பயனை மறப்பர். இவ்விரு சாராரிடையே நின்று, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கல்விக்குப் புதியதோர் ஒழுங்கு கண்டவர் ஆறுமுக நாவலர்.

1822ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே பிறந்த அவர், திண்ணைப் பள்ளியிற் கற்கத் தொடங்கினார். மணலில் எழுத்துப் பயில்வதும், ஏட்டுச் சுவடியை நெட்டுருப் பண்ணுவதுமே அக்காலக் கல்வி. பின்னர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியரும் ஆயினார். பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றார்.

அங்கே அவர் கண்டவை மூன்று: வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை, அச்சிட்ட பாடநூல், தொடர்ந்து நிகழும் பிரசங்கம். தம் சமயத்துக்கு மாறானோர் கையிலிருந்த கருவிகள் என்று அவற்றை அவர் வெறுத்தாரல்லர். கருவி வேறு, கருத்து வேறு எனத் தெளிந்தார்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கம் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வாண்டிலேயே வேதனம் தந்த மிஷன் உத்தியோகத்தையும் துறந்தார். பள்ளி வைத்தால் மட்டும் போதுமா? அதற்கேற்ற நூல் வேண்டுமன்றோ? 1849இல் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அவருக்கு வழங்கியது. சிறுவர்க்குப் பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதினார். 1852இல் பெரியபுராண வசனத்தை வெளியிட்டார். சந்தி பிரித்தும் நிறுத்தக் குறியிட்டும் அச்சிட்டமையால், புலவரல்லாதாரும் நூலைப் படித்துணர்ந்தனர். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

அவர் தொட்டதெல்லாம் துலங்கிற்று என்றல் பொருந்தாது. 1872இல் தொடங்கிய ஆங்கில பாடசாலை பொருள் முட்டுப்பாட்டால் நிலைக்கவில்லை. கல்வி முறையை மாற்றத் துணிந்த அவர், சாதியாசாரத்தை மாற்ற முன்வரவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. மாற்றஞ் செய்வோர் எதனைக் காப்பது, எதனை விடுவது எனத் தேர்கின்றனர். அத்தேர்வுக்குப் பின்வருவோர் கணக்குக் கேட்பது இயல்பே.

1879ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். சதாசிவப்பிள்ளை முதலிய மாணாக்கர் அவர் பணியைத் தொடர்ந்தனர். பள்ளி, நூல், அச்சகம், பயிற்றிய மாணாக்கர் என்னும் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையாற்றான் ஒருவர் கண்ட புதுமை அவரோடு அழியவில்லை.

ஆசிரியராகிய நாம் உணரத்தக்கது இதுவே. புதிய முறையொன்றைச் சுற்றறிக்கையால் அறிவித்துவிட்டால் மாற்றம் விளைந்துவிடாது. அதனைத் தாமே முதலிற் பயின்று, வேண்டிய கருவிகளை ஆக்கி, அடுத்து ஏற்று நடத்துவோரையும் உருவாக்குதல் வேண்டும். நாவலர் வாழ்வு அதற்குச் சான்று.