வ. வே. சு. ஐயர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (ஏப்ரல் 2, 1881 - ஜூன் 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், தமிழ் எழுத்தாளரும், மொழிபெயர்ப்பாளரும், இதழாசிரியரும் ஆவார். வ. வே. சு. ஐயர் என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். இலண்டனிலும் புதுச்சேரியிலும் ஆயுதப் புரட்சியில் நம்பிக்கை கொண்ட இளைஞர்களுக்குத் துணை நின்ற இவர், பின்னர் காந்தியின் அறவழியை ஏற்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். சேரன்மகாதேவியில் இவர் நிறுவிய குருகுலம் தமிழக அரசியலில் ஒரு திருப்புமுனைக்குக் காரணமாயிற்று.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியான வரகனேரியில் வேங்கடேச ஐயர் - காமாட்சி அம்மாள் இணையருக்குப் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் தேர்வில் தேறித் திருச்சியில் சிறிது காலம் தொழில் புரிந்தார். இவரது மனைவி பாக்கியலட்சுமி. பின்னர் இரங்கூன் சென்று அங்கும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907-இல் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் சட்டக் கல்வி நிலையத்தில் சேர்ந்தார்.

இலண்டன் வாழ்க்கை

இலண்டனில் இந்திய மாணவர்கள் தங்கியிருந்த இந்தியா விடுதியில் விநாயக தாமோதர் சாவர்க்கரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. விரைவில் அக்குழுவின் முன்னணியினருள் ஒருவரானார். பாரதியார் நடத்திய இந்தியா இதழுக்கு அங்கிருந்து கட்டுரைகள் எழுதி அனுப்பினார்.

இக்குழுவினருள் சிலர் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த துப்பாக்கி சுடும் கூடத்தில் பயிற்சி பெற்றனர். இவர்களுள் ஒருவரான மதன்லால் திங்ரா, ஜூலை 1, 1909 அன்று கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அன்று மாலையில் கூட அவர் அக்கூடத்தில் பயிற்சி செய்திருந்தார். திங்ரா அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் தூக்கிலிடப்பட்டார். இதன் பின்னர் இந்தியா விடுதியினர் மீது காவல்துறையின் கண்காணிப்பு கடுமையாயிற்று.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைது செய்யப்பட்டார். ஐயர் பாரிஸ் சென்று மேடம் காமாவுடன் தங்கினார். ஆங்கில அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க விரும்பாததால் இவர் பாரிஸ்டர் பட்டத்தைப் பெறவில்லை. பாரிசிலிருந்து மாறுவேடத்தில் புறப்பட்டு, 1910-இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரியும் ஆஷ் கொலையும்

ஐயர் வந்து சேர்ந்தபோது பாரதியாரும் அரவிந்தரும் ஏற்கனவே புதுச்சேரியில் இருந்தனர். ஐயர் அங்கு இளைஞர்களுக்கு உடற்பயிற்சியும் துப்பாக்கி சுடும் பயிற்சியும் அளித்தார். அவரிடம் பயிற்சி பெற்றவர்களுள் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதனும் ஒருவர். இவர் திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர். நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசிய இயக்கத்தில் இணைந்தவர்.

ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் தம் மனைவியுடன் தொடருந்துப் பெட்டியில் அமர்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். பின்னர் அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். ஆஷ் முன்பு தூத்துக்குடியில் பணியாற்றியபோது வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை ஒடுக்க முனைந்தவர் என்பது புரட்சியாளர்களின் குற்றச்சாட்டு. வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் இருந்த கடிதம் நாட்டு விடுதலையோடு சனாதன தருமத்தைக் காப்பதையும் நோக்கமாகக் கூறியது. இதனால் இக்கொலையின் பொருள் குறித்து வரலாற்று அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உள்ளது.

இவ்வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் ஐயரைக் கைது செய்ய இயலவில்லை. எனினும் ஆங்கில அரசின் உளவாளிகள் அவரைத் தொடர்ந்து கண்காணித்து வந்தனர்.

துப்பாக்கியும் தோட்டாவும்

மணியாச்சியில் பயன்படுத்தப்பட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி ஆகும். 1909-இல் சாவர்க்கர் இவ்வகைத் துப்பாக்கிகள் இருபதை இந்தியாவுக்கு மறைவாக அனுப்பினார். நாசிக் ஆட்சியர் ஜாக்சன் டிசம்பர் 21, 1909 அன்று அவற்றுள் ஒன்றால் கொல்லப்பட்டார். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது அக்காலத்தில் குற்றமாக இருந்தது. ஆகவே ஆங்கிலேயரின் சட்டம் செல்லாத புதுச்சேரி புரட்சியாளர்களுக்கு முதன்மையான இடமாயிற்று.

இத்துப்பாக்கியை வடிவமைத்த அமெரிக்கரான ஜான் பிரௌனிங் (1855 - 1926), ஒரு முறைக்கு ஒரே தோட்டா இட்டுச் சுடும் நீள்துப்பாக்கிக்கு 1879-இல் காப்புரிமை பெற்றுத் தம் பணியைத் தொடங்கியவர். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் சுடுபவரே ஒவ்வொரு முறையும் வெற்றுக் கூட்டை அகற்றி அடுத்த தோட்டாவை இட வேண்டும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் வெடிப்பின் விசையே இவ்வேலையைச் செய்துவிடுகிறது. எனினும் ஒவ்வொரு குண்டுக்கும் விசைவில்லை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். ஆதலால் இவை அரைத்தானியங்கி எனப்படுகின்றன.

இவ்வமைப்புக்கெனப் பிரௌனிங் உருவாக்கிய 7.65 மி.மீ. தோட்டா 1899 அளவில் வெளிவந்தது. அதன் குண்டு ஏறத்தாழ 4.6 கிராம் எடையுள்ளது. அத்தோட்டாவுக்காகப் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட 1900-ஆம் ஆண்டு மாதிரியின் குழல் ஏறத்தாழ 10 செ.மீ. நீளமே உடையது, ஏழு தோட்டாக்களைக் கொள்ளும். இதே வகைத் தோட்டாவை அதற்கேற்ற அறையுடைய நீண்ட குழல் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியிலிருந்து சுட்டால், வெடிவளி குண்டைக் கூடுதல் தொலைவுக்குத் தள்ளுவதால் அதன் வேகம் ஓரளவு உயரும். ஆனால் இத்தோட்டாவில் உள்ள மருந்து சிறிதளவே; அது விரைவில் எரிந்து முடிவதால், குழலை மேலும் மேலும் நீட்டுவதால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும். நீண்ட குழலின் பெரிய நன்மை குறி பார்ப்பதில் உள்ளது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி மிகும்போது சிறிய பிழையும் கண்ணுக்குப் புலப்படும். இலக்கு சுடும் போட்டிகளில் இவ்வகைத் துப்பாக்கிகள் விரும்பப்பட்டதற்கு இதுவே காரணம்.

குட்டையான குழல் உடைய பிரௌனிங் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைக்கலாம், அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் தொலைவில் உள்ள இலக்கைத் தாக்குவது கடினம். ஆதலின் அதைப் பயன்படுத்துவோர் இலக்கை மிக நெருங்க வேண்டியிருந்தது. தப்பிச் செல்லும் வாய்ப்பும் குறைவாக இருந்தது. திங்ரா, நாசிக்கின் அனந்த் கன்ஹேரே, வாஞ்சிநாதன் ஆகிய மூவரில் ஒருவரும் உயிர் தப்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இலக்கியப் பணி

1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னையைத் தாக்கியதை அடுத்து, புதுச்சேரியில் இருந்த புரட்சியாளர்களை அங்கிருந்து அகற்றுமாறு ஆங்கில அரசு வற்புறுத்தியது. தாம் நாடு கடத்தப்படலாம் என்ற நிலையில் ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அந்நூல் 1916-இல் வெளிவந்தது.

1915-இல் விவேகபோதினி இதழில் வெளியான இவரது குளத்தங்கரை அரசமரம், தமிழின் முதல் சிறுகதை எனப் பலராலும் கூறப்படுகிறது. ஒரு மரமே கதை சொல்வதாக அமைந்த இக்கதை, வரதட்சிணையாலும் குடும்பப் பூசலாலும் உயிர் துறக்கும் ருக்மிணி என்ற இளம்பெண்ணைப் பற்றியது. இது தாகூரின் வங்காளக் கதை ஒன்றைத் தழுவியது என்பதால் இதனை முதல் சிறுகதை எனக் கொள்வதில் மாற்றுக் கருத்தும் உண்டு. மங்கையர்க்கரசியின் காதல் இவரது சிறுகதைத் தொகுப்பாகும். கரிபால்டி, நெப்போலியன் முதலியோரின் வரலாறுகளையும் எழுதினார்.

விடுதலையும் சிறைவாசமும்

முதல் உலகப் போருக்குப் பின்னர் அளிக்கப்பட்ட பொது மன்னிப்பினால் 1920-இல் ஐயர் தமிழகம் திரும்பினார். இதற்குள் அவர் ஆயுத வழியைக் கைவிட்டுக் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றிருந்தார். சென்னையில் திரு. வி. க.வுக்குப் பின் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அவ்விதழில் வெளியான கட்டுரைக்காக 1921-இல் இராசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது மாதங்கள் பெல்லாரிச் சிறையில் இருந்தார். அங்கு ஆங்கிலத்தில் கம்பராமாயண ஆய்வு நூலை எழுதினார். அந்நூல் அவரது மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்து, 1950-இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டது.

சேரன்மகாதேவி குருகுலம்

தாய்மொழிக் கல்வியையும் உடலுழைப்பையும் இணைத்து நாட்டுப்பற்றுள்ள இளைஞர்களை உருவாக்கும் நோக்கில், ஐயர் சேரன்மகாதேவியில் தமிழ்க் குருகுலத்தை நடத்தினார். பாலபாரதி என்ற இதழும் அங்கிருந்து வெளிவந்தது. தமிழ்நாடு காங்கிரசுக் குழு குருகுலத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் அளிப்பதாக உறுதி கூறி, முதலில் ஐயாயிரம் வழங்கியது.

குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு அளிக்கப்படுவது தெரியவந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்விருவரின் பெற்றோருக்குத் தாம் அளித்த வாக்கை மீற முடியாது என்பது ஐயரின் நிலைப்பாடு. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பிறப்பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று பி. வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் வாதிட்டனர். மீதித் தொகை நிறுத்தப்பட்டது. 1925-இல் காந்தியும் இதில் தலையிட்டார். சமரசம் ஏற்படாத நிலையில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். ஈ. வெ. இராமசாமி அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் காங்கிரசை விட்டு வெளியேறுவதற்கு இச்சிக்கலும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மறைவு

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவர்களுடனும் தம் மகள் சுபத்திராவுடனும் பாபநாசம் மலைக்குச் சென்றார். அங்குள்ள கல்யாண தீர்த்தத்தில் அருவியைக் கடக்க முயன்ற சுபத்திரா நீரில் விழுந்தார். மகளைக் காப்பாற்ற நீரில் குதித்த ஐயரும் அவருடன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.