கடன் சங்கம் கண்ட ரைஃபைசன்

எங்க குழுவில் 12 பேர். ஒரு வருசம் அதில் ஒன்பது பேர் கறவை மாட்டுக்கே கடன் வாங்கினோம். கோமாரி வந்து பால் வத்திப்போச்சு. ஒன்பது பேர் தவணையும் ஒரே மாசத்தில் நின்னுச்சு. கூட்டமைப்பு கை கொடுத்துத்தான் வங்கிக்குக் கட்டினோம். அதுக்கப்புறம் ஒரு பயிற்சியில் ரைஃபைசன் பற்றிக் கேட்டேன். நம்ம பாடுதான் அவர் பார்த்ததும்.

ஜெர்மனியில் 1818-ல் பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தார், கண் நோயால் விலகினார். 1845-ல் வையர்புஷ் என்ற ஊருக்குத் தலைவரானார். அடுத்த வருசமே பஞ்சம். தானியத்தைக் காசுக்குத்தான் கொடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. காசில்லாதவங்க எங்கே போவாங்க? இவர் எழுதி வாங்கிக்கிட்டு கடனாகவே கொடுத்தார். வசதியானவங்ககிட்ட பணம் திரட்டி ஊருக்குப் பொதுவா ரொட்டி அடுப்பும் கட்டினார்.

1849-ல் இன்னொரு ஊரில், ஏழை விவசாயிகள் மாடு வாங்க ஒரு சங்கம் வைத்தார். பணக்காரங்க ஜாமீன் நின்னாங்க. ஆனா தர்மம் எத்தனை நாள் ஓடும்? அவங்களுக்குச் சலிச்சுப்போச்சு. அதனால 1864-ல் ஹெட்டஸ்டார்ஃபில் வழியை மாத்தினார். கடன் வாங்குறவங்களே உறுப்பினர், ஒருத்தர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. லாபத்தைப் பங்கு போடாம சேமநிதியில் வைக்கணும். ஒருத்தரை ஒருத்தர் தெரியணும்னு சங்கம் சின்ன எல்லைக்குள்ளேயே.

அதிலும் ஒரு சங்கடம். ஒரே ஊர்னா ஒரே மழை, ஒரே விளைச்சல். பொய்ச்சா எல்லாரும் கடனுக்குத்தான் வருவாங்க, போடுறதுக்கு ஆள் இருக்காது. இதுக்காக 1872-ல் நாய்வீட் என்ற ஊரில் பல சங்கங்களுக்கும் பொதுவா ஒரு வங்கி ஏற்படுத்தினார். ஒரு ஊரில் மிஞ்சின பணம் முடை வந்த ஊருக்குப் போச்சு. கூட்டமைப்பில் நாம செய்றதும் அதுதானே.

மனைவி 1863-ல் இறந்துட்டாங்க. பார்வை மங்கி 1865-ல் பதவியை விட்டார். மூத்த மகள் அமாலியாதான் படிச்சுச் சொல்லி, எழுதியும் கொடுத்தாங்க. அந்தப் பெண் பேரை யாரும் பெரிசா சொல்றதில்லை, எனக்கு அது குறைதான். 1888-ல் ரைஃபைசன் காலமானார்.

பிறகு சென்னை மாகாண அரசுக்காக நிக்கல்சன் என்ற அதிகாரி ஐரோப்பா போய்ப் பார்த்து, ரைஃபைசன் மாதிரி ஒருத்தர்தான் இங்கேயும் வேணும்னு அறிக்கை எழுதினார். 1904-ல் சட்டம் வந்தது. அதே வருசம் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் தொடங்கினாங்க.

இந்த வருசம் எங்க குழுவில் மாட்டுக்கு நாலு பேர்தான். மத்தவங்க ஆடு, தையல், இட்லிக் கடை. என் பழைய கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி.