ஆற்றுநீரைப் பாடமாக்கிய ஆசிரியை

பொருளாதாரப் பேராசிரியராக இருந்த காலத்தில், ஆற்று மாசுபாட்டை 'புறவிளைவு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன். ஆலையின் லாபம் ஒருவருக்கு. அதன் கழிவால் நேரும் இழப்பு கரையோர மக்களுக்கு. ஆனால், ஒருமுறைகூட மாணவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றதில்லை. ஓய்வுக்குப் பிறகு எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்தக் குறை எனக்கு உறைத்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1842-இல் பிறந்த எல்லன், வாசர் கல்லூரியில் பட்டம் பெற்று, எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அனுமதிக்கப்பட்ட முதல் பெண் அவரே. அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. வறுமைக்கு இரங்கிய சலுகை என்று அவர் எண்ணினார். பெண்ணொருவர் மாணவியாகச் சேர்ந்ததை நிர்வாகம் ஒப்புக்கொள்ள விரும்பாததே காரணம் என்று பின்னரே அறிந்தார். 1873-இல் பட்டம் பெற்றார். 1876-இல் அங்கே பெண்களுக்கான ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, ஊதியமின்றிக் கற்பித்ததோடு தன் பணத்தையும் அதற்கு அளித்தார். 1884-இல் சுகாதார வேதியியல் பயிற்றுநராகி, 1911-இல் மறையும்வரை அப்பணியில் நீடித்தார்.

மாநில சுகாதார வாரியத்துக்காக 1887-இல் தொடங்கிய நீர்நிலை ஆய்வில், பல்லாயிரம் நீர் மாதிரிகள் அவரது மேற்பார்வையில் பகுப்பாய்வு செய்யப்பட்டன. கடலிலிருந்து உள்நாடு செல்லச் செல்ல, நீரில் இயல்பாகவுள்ள குளோரைடு குறைகிறது. அந்த இயல்பளவை வரைபடமாக்கினால், ஓரிடத்தில் அது மிகும்போது மனிதக் கழிவு கலந்திருக்கிறதென ஐயுறலாம். அந்த 'இயல்புக் குளோரின் வரைபடம்' மாசைக் காட்டும் அளவுகோலாயிற்று. அவரிடம் நீர்ப் பகுப்பாய்வு கற்ற மாணவர்கள், நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்குப் பொறியாளர்களாகச் சென்றனர்.

இழப்பை அளந்தால்தான் அதற்கு ஈடு கேட்க முடியும் என்பது பொருளாதாரத்தின் அரிச்சுவடி. அதை நான் சொல்லிக்கொடுத்தேன், எல்லன் செய்துகாட்டினார். நம் கல்லூரிகள் பலவற்றில் வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பல ஊர்களில் அருகிலேயே ஓர் ஆறோ ஏரியோ இருக்கிறது. மாதம் ஒருமுறை மாணவர்கள் அந்த நீரைச் சோதித்து, முடிவை ஊர்மன்றத்தின் முன் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நான் செய்யத் தவறியதை, இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களேனும் செய்ய வேண்டும்.