கென்னடிக்கு ஊசி போட்ட பெண் டாக்டர்

1955-ம் ஆண்டு, மே மாதம்.

நியூயார்க் நகரில் 16-வது தெருவில் இருந்த ஒரு டாக்டரின் வைத்திய அறைக்கு ஒருவர் வந்தார். கக்கத்தில் கட்டை ஊன்றி வந்தார். தெருவில் இருந்து அறைக்குள் போகச் சில படிகள்தான் இறங்கவேண்டும். அந்தச் சில படிகளை இறங்குவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

வந்தவர் கிழவர் அல்ல. அவருக்கு 38 வயது கூட நிறையவில்லை. கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை. அமெரிக்க செனட் சபை உறுப்பினர். பெயர், ஜான் கென்னடி.

கென்னடிக்குத் தீராத முதுகுவலி. 1954 அக்டோபரில் ஆபரேஷன் செய்து, முதுகெலும்பில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். புண்ணில் கிருமி புகுந்தது. அவர் நினைவு இழந்தார். பிழைக்கமாட்டார் என்று பாதிரியாரை அழைத்து, சாகும் தறுவாயில் செய்யும் பிரார்த்தனையையும் செய்துவிட்டார்கள்!

எப்படியோ பிழைத்தார். 1955 பிப்ரவரியில் மறுபடியும் முதுகைத் திறந்து தகட்டை எடுத்தார்கள். வலி மட்டும் போகவில்லை. நாலு படி இறங்க முடியாதவர், ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது எப்படி?

அறையில் இருந்த டாக்டர் ஒரு பெண். வயது 53. பெயர், ஜேனட் டிராவெல். அவர் கத்தியை எடுக்கவில்லை. தன் விரலால் கென்னடியின் முதுகை மெல்ல மெல்ல அழுத்திப் பார்த்தார். எதையோ தேடினார்.

அவர் தேடியது என்ன?

டாக்டரின் மகள்

ஜேனட் டிராவெல் 1901-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை டாக்டர். வலிக்கு வைத்தியம் செய்வதில் பெயர் எடுத்தவர். அவருடைய இரண்டு பெண்களும் டாக்டர் ஆனார்கள்.

ஜேனட் 1926-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அமெரிக்காவிலேயே அபூர்வமாக இருந்த காலம் அது. நியூயார்க் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றபோதே, போலீஸ் இலாகாவின் ஆம்புலன்சிலும் டாக்டராகப் போனார்.

1929-ல் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள். கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தினார். இருதய நோய்க்குத் தரும் மருந்து பற்றி ஆராய்ச்சி செய்தார். அப்படியே இருந்திருந்தால், மருந்து பற்றி எழுதிய பேராசிரியைகளில் ஒருவராக மறைந்திருப்பார்.

அவருக்கே வந்த வலி

ஒரு சமயம், ஜேனட்டுக்கே தோளிலும் கையிலும் வலி வந்தது. வலிக்கும் இடத்தைத் தேய்த்தால் குறையவில்லை.

தன் தோள்பட்டை எலும்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தியபோது, வலி கை வழியாகச் சுரீர் என்று இறங்கியது. வலிப்பது கை. ஆனால், வலியின் வேர் இருந்தது முதுகில்!

நெஞ்சு நோயாளிகளையும் இருதய நோயாளிகளையும் அவர் கவனித்து வந்தார். அவர்களில் பலர் தோள்வலியால் துடித்தார்கள். அவர்கள் உடம்பிலும் அழுத்திப் பார்த்தார். அங்கேயும் அப்படியே.

தசை என்பது ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கயிறு போன்றது. அளவுக்கு மேல் உழைத்தாலும், அடிபட்டாலும், ஒரே மாதிரி நெடுநேரம் உட்கார்ந்தாலும், அதில் ஒரு பகுதி இறுகிப்போகிறது. விரலால் தடவினால் கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோல் தட்டுப்படும். துப்பாக்கியின் விசையை இழுப்பது ஓரிடம்; குண்டு பாய்வது வேறிடம். அதைப்போல, முடிச்சு இருப்பது ஓரிடம். வலி தோன்றுவது வேறிடம். ஆகவே இதற்கு விசைப்புள்ளி என்று பெயர் வந்தது.

இது ஜேனட் ஒருவர் மட்டும் கண்டது அல்ல. லண்டனில் கெல்கிரன் என்ற டாக்டர், ஆட்களின் தசையில் உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றி, வலி வேறு இடத்தில் தோன்றுவதை 1938-ல் எழுதியிருந்தார். ஆனால், எந்தத் தசையில் முடிச்சு விழுந்தால் எங்கே வலிக்கும் என்று உடம்பு முழுவதும் தேடி, படம் போட்டுக் காட்டியவர் ஜேனட்தான். ரின்ஸ்லர் என்ற டாக்டருடன் சேர்ந்து 1952-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 32 தசைகளின் வலிப்படம் இருந்தது.

வைத்தியம்? முடிச்சைத் தேடிப்பிடித்து, அதற்குள் ஊசியைச் செலுத்துவார். புரோக்கெயின் என்னும் மருந்தை ஏற்றுவார். பல் டாக்டர்கள் ஈறு மரத்துப்போகப் போட்டு வந்த மருந்துதான் அது. ஊசிமுனை சரியான இடத்தில் பட்டதும் தசை ஒரு தடவை துள்ளும். பிறகு தளரும். இந்த முறை பற்றி 1942-லேயே எழுதிவிட்டார்.

ஆடும் நாற்காலி

கென்னடியின் முதுகில் அவர் தேடியதும் இந்த முடிச்சுகளைத்தான். கண்டுபிடித்தார். ஊசி போட்டார். வலி தணிந்தது.

அதோடு விடவில்லை. கென்னடியின் இரண்டு கால்களையும் அளந்தார். இடது கால் சற்றுக் குட்டையாக இருந்தது! நடக்கும்போதெல்லாம் முதுகுத் தசை ஒரு பக்கமாக இழுபட்டு வந்திருக்கிறது. பெரிய பெரிய நிபுணர்கள் முதுகைத் திறந்து பார்த்தார்கள். காலை அளக்க ஒரு நாடா போதும் என்பது இவருக்குத்தான் தோன்றியது. செருப்புத் தைப்பவர் செய்யக்கூடிய வேலை; இடது குதிகாலுக்கு அடியில் ஓர் அட்டை வைக்கச் சொன்னார்.

ஜேனட்டின் அறையில் ஓர் ஆடும் நாற்காலி கிடந்தது. கென்னடி அதில் உட்கார்ந்தார். சுகமாக இருந்தது. ஆடும்போது முதுகுத் தசை இறுகியும் தளர்ந்தும் அசைந்துகொண்டே இருக்கும், விறைத்துப்போகாது. அதேபோன்ற நாற்காலியைக் கென்னடியும் வாங்கினார். பின்னால் வெள்ளை மாளிகையில் அவர் அதில் உட்கார்ந்திருக்கும் படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது.

வெள்ளை மாளிகையில்

கென்னடி 1960 தேர்தலில் ஜெயித்தார். 1961 ஜனவரியில் ஜனாதிபதி ஆனார். தன் டாக்டராக ஜேனட் டிராவெலை நியமித்தார்.

அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு பெண் டாக்டராக வந்தது அதுவே முதல் தடவை. ராணுவ, கடற்படை டாக்டர்கள் இருந்து வந்த இடத்துக்கு, 59 வயது பெண்மணி வந்தார்.

ஆனால், சோதனை விரைவிலேயே வந்தது.

1961 மே மாதம் கென்னடி கனடா போனார். தலைநகர் ஒட்டாவாவில் மரம் நடும் விழா. மண்வெட்டியைப் பிடித்துக் குனிந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் வியன்னாவில் ரஷியத் தலைவர் குருஷேவைச் சந்திக்கவேண்டும். உலகமே எதிர்பார்த்த சந்திப்பு. ஜேனட் கூடவே போனார். ஊசி போட்டார். கென்னடி வலியை வெளியே காட்டாமல் குருஷேவ் எதிரில் உட்கார்ந்தார். ஊர் திரும்பியதும் மறுபடியும் கக்கத்தில் கட்டை!

ஊசிகள் பெருகின. ஒரே நாளில் இரண்டு, மூன்று தடவை போடவேண்டியதாயிற்று. மற்ற டாக்டர்கள் கவலைப்பட்டார்கள். இப்படியே போனால் தசை பலம் இழந்துவிடும், ஜனாதிபதி சக்கர நாற்காலிக்குப் போய்விடுவார் என்று பயந்தார்கள். தேகப்பயிற்சி நிபுணர் ஹான்ஸ் கிராஸ் என்பவரைக் கூப்பிடவேண்டும் என்றார்கள். ஜேனட் சுலபத்தில் இணங்கவில்லை.

கடைசியில் 1961 அக்டோபரில் கிராஸ் வந்தார். மலை ஏறுவதில் பெயர் பெற்றவர். இனிமேல் ஊசி கூடாது, ஊசி போட்டால் தான் விலகிக்கொள்வதாகக் கண்டிப்பாகச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் கென்னடிக்குப் பயிற்சி கொடுத்தார். சில மாதங்களில் முதுகு தேறியது.

இந்த விஷயத்தில் ஜேனட் தவறிவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும். ஊசி முடிச்சை அவிழ்க்கும். ஆனால், அவிழ்ந்த தசைக்கு வேலை கொடுத்துப் பலப்படுத்தாவிட்டால் மறுபடி முடிச்சு விழும். இது அவருக்குத் தெரியாதது அல்ல. ஆயினும், ஜனாதிபதி இன்றைக்கு எழுந்து நிற்கவேண்டும் என்ற அவசரத்தில் ஊசியையே நம்பினார்.

பதவியை யாரும் பறிக்கவில்லை. ஆனால், ஜனாதிபதியின் உடம்பைக் கவனிக்கும் பொறுப்பு பர்க்லி என்ற கடற்படை டாக்டரிடம் போயிற்று. 1963 நவம்பர் 22-ந்தேதி கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றும் அவர் இடுப்பில் முதுகுக்கான கச்சை இருந்தது. அடுத்து வந்த ஜான்சன் காலத்திலும் ஜேனட் வெள்ளை மாளிகையில் வேலை பார்த்து, 1965-ல் விலகினார்.

மருந்தா, ஊசியா?

அப்போது அவருக்கு வயது 63. பலர் ஓய்வு எடுக்கும் வயது. இவரோ, டேவிட் சைமன்ஸ் என்ற டாக்டருடன் சேர்ந்து தன் வாழ்நாளின் பெரிய வேலையைச் செய்தார். இந்த சைமன்ஸ் லேசுப்பட்டவர் அல்ல. 1957-ல் பலூனில் ஏறி ஒரு லட்சம் அடி உயரத்துக்கு மேல் போய்வந்த விமானப்படை டாக்டர்! வானத்தை அளந்தவர், பிறகு தசையை அளக்க வந்தார்.

இதற்கிடையில் 1979-ல் ஓர் ஆச்சரியமான செய்தி வந்தது. செக்கோஸ்லோவாகியாவில் கரேல் லெவிட் என்ற டாக்டர், 241 நோயாளிகளுக்கு வலியுள்ள 312 இடங்களில் மருந்தே இல்லாமல் வெறும் ஊசியைக் குத்திப் பார்த்தார். முனை சரியான இடத்தில் பட்டபோது, நூற்றுக்கு 87 இடங்களில் வலி உடனே நின்றது என்று எழுதினார். வேலை செய்தது மருந்து மட்டும் அல்ல, ஊசியும்தான்!

அதில் இருந்து வளர்ந்ததே, இன்று பல நாடுகளில் பிசியோதெரபி நிபுணர்கள் செய்யும் உலர் ஊசி வைத்தியம். இந்த ஊசிக்குத் துளை கிடையாது. தலைமயிர் போல மெல்லியது. குத்தியதும் தசை துள்ளும். ஓரிரு நாள் அந்த இடம் கன்றிப்போனதுபோல் வலிக்கும். பிறகு கழுத்தைத் திருப்பவும் கையைத் தூக்கவும் எளிதாகிறது என்கிறார்கள். கொஞ்ச காலத்துக்கு வலி குறைவதை ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன. நெடுநாள் பலன் பற்றி டாக்டர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதிலும் தகராறு உண்டு. பழகாத கை நெஞ்சுப் பக்கம் குத்தினால், நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்தும் இருக்கிறது.

ஜேனட்டும் சைமன்சும் எழுதிய விசைப்புள்ளிப் புத்தகத்தின் முதல் பாகம் 1983-ல் வந்தது. அப்போது ஜேனட்டுக்கு 81 வயது. இரண்டாம் பாகம் 1992-ல் வந்தபோது 90. எந்தத் தசை, எங்கே முடிச்சு, எங்கே வலி என்று பக்கத்துக்குப் பக்கம் படம்.

1996 ஏப்ரலில், கென்னடியின் மனைவி விட்டுச்சென்ற பொருள்களை நியூயார்க்கில் ஏலம் போட்டார்கள். அதில் கென்னடி உட்கார்ந்த ஆடும் நாற்காலியும் இருந்தது. மரச்சட்டமும் பிரம்புப் பின்னலும் கொண்ட நாற்காலி. அது 4 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று!

ஜேனட் டிராவெல் அப்போது உயிரோடு இருந்தார். மறு ஆண்டு, 1997 ஆகஸ்டு 1-ந்தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற ஊரில் காலமானார். அவருக்கு வயது 95.