17,000 பவுண்டு வாங்கியும் முடியாத மெஷின்

கம்ப்யூட்டரின் தந்தை யார்னு கேட்டா ஸ்கூல் பசங்ககூட சார்லஸ் பாபேஜ்னு சொல்லிடுவாங்க. ஒரு மார்க் கொஸ்டின். ஆனா அவர் டிசைன் செய்த பெரிய மெஷின்களில் ஒன்றைக்கூட அவரால் கட்டி முடிக்க முடியவில்லை. அரசாங்கம் காசு கொடுக்காததால் இல்லைங்க. கொடுத்தது, நிறையவே கொடுத்தது. அந்தக் காசு என்ன ஆச்சு என்பதுதான் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி. ப்ராஜெக்ட் ஃபண்டிங்குக்கு ஃபார்ம் நிரப்பிட்டு இருக்கீங்கன்னா கொஞ்சம் பொறுமையா படிங்க.

1791 டிசம்பர் 26-ல் லண்டனில் பிறந்தார். அப்பா பேங்கர், வசதியான வீடு. கேம்பிரிட்ஜில் கணக்கு படித்தார். 25 வயது முடிவதற்குள் ராயல் சொசைட்டி உறுப்பினர். அங்கே கேம்பிரிட்ஜில் கிடைத்த நண்பர்தான் ஜான் ஹெர்ஷல்.

1821-ல் இவங்க ரெண்டு பேரும் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்தக் காலத்தில் லாக் டேபிள் எல்லாம் மனுஷங்க கையால் கணக்கு போட்டுத் தயாரித்தது. கணக்கிலும் தப்பு வரும், அச்சுக் கோர்ப்பதிலும் தப்பு வரும். நடுக்கடலில் அதை நம்பித்தான் கப்பல் போகும். பக்கத்துக்குப் பக்கம் பிழை கண்டு வெறுத்துப்போன பாபேஜுக்கு, இதை நீராவி மெஷினே செய்தால் என்ன என்று தோன்றியது.

ஐடியா ரொம்ப சிம்பிள். 1, 4, 9, 16, 25 என்று வர்க்கங்களை எழுதுங்க. பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் எப்பவுமே 2. அப்போ பெருக்கலே வேண்டாம், வெறும் கூட்டல் போதும், அடுத்த வர்க்கம் வந்துவிடும். எந்தப் பாலினாமியலுக்கும் இது பொருந்தும். கூட்டலைப் பல்சக்கரத்தால் செய்யலாம். அதனால்தான் அதற்கு டிஃபரன்ஸ் எஞ்ஜின் என்று பெயர்.

1822-ல் ஒரு சின்ன மாடல் செய்தார், வேலை செய்தது. ஜூலை மாதம் ராயல் சொசைட்டி தலைவர் ஹம்ஃப்ரி டேவிக்கு ஒரு கடிதம் எழுதி, அதை அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பினார். நாம இன்னைக்கு ப்ரொபோசல்னு சொல்றது அதுதான். கருவூலம் ராயல் சொசைட்டியிடம் கருத்து கேட்டது, அவர்கள் நல்ல ஐடியா என்றார்கள். 1823-ல் 1,500 பவுண்டு சாங்ஷன் ஆனது. ரெண்டு மூணு வருஷத்தில் முடித்துவிடலாம் என்பது பாபேஜின் கணக்கு.

இங்கேதான் கவனிக்கணும். நிதியமைச்சர் ராபின்சனும் பாபேஜும் நேரில் பேசினார்கள். அந்தப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. மொத்தச் செலவையும் அரசாங்கம் ஏற்கும் என்று பாபேஜ் புரிந்துகொண்டார். ஒருத்தர் சொந்தமா செய்கிற வேலைக்கு நாம ஒரு கை கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று அரசாங்கம் நினைத்தது. மெஷின் யாருடையது? அதுவும் தெளிவா இல்லை. பிறகு கேட்டபோது ராபின்சனுக்கே சரியா நினைவு இல்லை.

வேலையை ஜோசஃப் கிளமென்ட் என்கிற அருமையான மெஷினிஸ்டிடம் கொடுத்தார். தேவையான பார்ட்ஸ் சுமார் 25,000. ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் சக்கரம் செய்யும் தொழிலே அப்போது கிடையாது. அதனால் முதலில் டூல்ஸை உருவாக்க வேண்டியிருந்தது, காசில் நல்ல பங்கு அதற்கே போனது. அது வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசஃப் விட்வொர்த். மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும், பி.எஸ்.டபிள்யூ. த்ரெட்டில் வரும் அதே விட்வொர்த். ஆனா மெஷின் எங்கேன்னு கேட்கிற அதிகாரியிடம் இதைக் காட்டியா கணக்கு சொல்ல முடியும்?

1827 அவருக்கு மோசமான வருஷம். அப்பா, மனைவி ஜார்ஜியானா, ரெண்டு பிள்ளைகள் என வரிசையா இழந்தார். வேலையை ஹெர்ஷலிடம் ஒப்படைத்துவிட்டு ஐரோப்பாவில் சுற்றினார். 1828 கடைசியில் திரும்பியபோது சொந்தக் காசும் நிறைய இறங்கியிருந்தது. 1829-ல் பிரதமர் வெலிங்டன் நேரிலேயே வந்து பார்த்தார், மறுபடி காசு வந்தது.

1832 டிசம்பரில் மெஷினின் கணக்குப் பகுதியில் ஏழில் ஒரு பங்கு தயார். சுமார் 2,000 பார்ட்ஸ். பிசகே இல்லாமல் ஓடியது. வீட்டு ஹாலில் வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டினார். அடுத்த சில மாதத்திலேயே எல்லாம் நின்றது. பட்டறையைப் பாபேஜ் வீட்டுப் பக்கம் மாற்றுவது என்று முடிவானது, கிளமென்ட் அதற்கு இழப்பீடு கேட்டார். பில் பாஸாக லேட் ஆகும், அதுவரை கைக்காசு போட பாபேஜ் இனி தயாராக இல்லை. கிளமென்ட் ஆட்களை அனுப்பிவிட்டார். அரசாங்கக் காசில் செய்த டூல்ஸோ அந்தக்காலத் தொழில் வழக்கப்படி கிளமென்டுக்கே சொந்தம்!

அதுவரை அரசாங்கம் கொடுத்தது 17,000 பவுண்டுக்கு மேல். 1831-ல் ஒரு புது ரயில் எஞ்ஜினின் விலை 800 பவுண்டுக்கும் குறைவு. பாபேஜ் சம்பளமா ஒரு பவுண்டுகூட எடுக்கவில்லை. இருந்தும் சுருட்டிவிட்டார் என்று ஊர் பேசியது.

இப்போ வருவதுதான் எனக்கு ரொம்ப வலித்த இடம். 1834-ல் அவருக்கு அனலிட்டிக்கல் எஞ்ஜின் தோன்றியது. தனியா மெமரி, தனியா ப்ராசஸர், கட்டளைக்கு ஓட்டை போட்ட அட்டை. அந்த அட்டை நம்ம காஞ்சிபுரம் தறியில் இருக்கிற அதே ஜக்கார்டு அட்டைதான். கம்ப்யூட்டர் என்று நாம சொல்வது இதைத்தான். ஆனா அதை அரசாங்கத்துக்கு எப்படிச் சொன்னார் தெரியுமா? புதுசு வந்தால் பழையது தேவையில்லாமல் போய்விடும், பழையதை முடிக்கவா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதினார். ரொம்ப நேர்மையான கடிதம். ஒரு செகண்ட் கஜானாப் பக்கம் உட்கார்ந்து யோசிங்க. பதினோரு வருஷம் கழித்தும் மெஷின் இல்லை, இப்போ வேற மெஷினா? எட்டு வருஷம் முடிவே சொல்லவில்லை. 1842-ல் வானியல் அதிகாரி ஏரியிடம் கருத்து கேட்டார்கள். மெஷினால் பயனில்லை என்றார் அவர். ஃபைல் மூடப்பட்டது. பிரதமர் பீலை நேரில் பார்க்கக் கிடைத்த ஒரே சந்திப்பிலும் பாபேஜ் தனக்கு நடந்த அவமானங்களையே பேசினார். மெஷினால் என்ன லாபம் என்பது பின்னுக்குப் போனது. சண்டையில் முடிந்தது.

அதே நேரம் ஸ்வீடனில் ஜார்ஜ் ஷொய்ட்ஸ், பாபேஜ் மெஷினைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, மகன் எட்வர்டோடு சேர்ந்து ஒரு டிஃபரன்ஸ் எஞ்ஜின் செய்துகொண்டு இருந்தார். அவர்கள் முதலில் மாடலை முடித்தார்கள், பிறகுதான் அரசுக் காசு வந்தது. 1853-க்குள் முடிக்கணும், இல்லைன்னா திருப்பித் தரணும் என்பது நிபந்தனை. 1853-லேயே முடித்தார்கள். துல்லியத்தில் பாபேஜ் டிசைனுக்குப் பக்கத்தில்கூட வராது, ஆனா ஓடியது. பாபேஜ் பொறாமைப்படவில்லை, ஊர் முழுக்க அவர்களைப் பாராட்டிப் பேசினார். அந்த மெஷினின் இன்னொரு பிரதியைப் பிரிட்டிஷ் அரசாங்கமே காசு கொடுத்து செய்ய வைத்து, மக்களின் ஆயுள் அட்டவணை போடப் பயன்படுத்தியது.

1840-களின் கடைசியில் பாபேஜ் மூன்றில் ஒரு பங்கு பார்ட்ஸே தேவைப்படும் டிஃபரன்ஸ் எஞ்ஜின் 2-ஐ வரைந்து, 1852-ல் அரசாங்கத்துக்குக் கொடுக்க முன்வந்தார். வேண்டாம் என்றார்கள். கிளமென்ட் செய்து வைத்த பார்ட்ஸில் பெரும்பாலானவை பழைய இரும்போடு உருக்கப்பட்டன. 1871 அக்டோபர் 18-ல் இறந்தார்.

அந்த வரைபடங்களை வைத்து லண்டன் சயின்ஸ் மியூசியம் அவர் காலத்துத் துல்லிய அளவிலேயே மெஷினைக் கட்டியது. நடுவில் பார்ட்ஸ் செய்ய ஒப்பந்தம் எடுத்த கம்பெனியே மூடப்பட்டது. அங்கிருந்த ரெண்டு எஞ்ஜினியர்களை மியூசியம் நேரா வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1991-ல், அவரது 200-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னால், அது முதல் முழுக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டது.